ஈரத்துக்கு என்ன விலை? கோத்தகிரி, கூடலூர், ஆசனூர்: ஆறு நாள் குறிப்புகள்

முதல் நாள்: மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி

போன மாதம் ஒருவர் கைக்குட்டையில் சுற்றிய தேன் பாட்டிலோடு என் கடைக்கு வந்தார். மூடி ஓரத்தில் நுரை கட்டியிருந்தது. "மலைத்தேன்னு சொல்லித்தானே குடுத்தீங்க? கள்ளு வாடை அடிக்குதே" என்றார். திறந்ததும் புஸ்ஸென்று காற்று வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்று இரவு கடையைச் சாத்திவிட்டு அலமாரியிலிருந்த மற்ற பாட்டில்களையும் திறந்து பார்த்தேன். பதினெட்டில் ஏழு புளித்திருந்தன.

திருச்சியில் சின்னக் கடை என்னுடையது. சிறுதானியம், செக்கு எண்ணெய், தேன், சீயக்காய், கடுக்காய்ப் பொடி. 'காட்டிலிருந்து நேரடியாக' என்று பலகைகூட வைத்திருக்கிறேன். ஆனால் எந்தக் காடு, யார் எடுத்தது என்று யாராவது கேட்டால், ஒரு தரகரின் கைபேசி எண்ணைத்தான் என்னால் காட்ட முடியும். அவரிடம் கேட்டேன். "காட்டுத்தேன் அப்படித்தான் சார், உயிருள்ள தேன்" என்றார். உயிர் இருந்தது உண்மைதான். ஈஸ்ட்.

சரி, நேரில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டேன். பங்குனி கடைசி வாரம். பையில் இரண்டு சட்டை, ஒரு நோட்டு, இணையத்தில் வாங்கிய ரிஃப்ராக்டோமீட்டர். விரல் நீளக் குழாய், முனையில் கண்ணாடி. அதில் ஒரு சொட்டுத் தேனை வைத்து வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால், ஈரம் எத்தனை சதவீதம் என்று உள்ளே ஒரு கோடு காட்டும். ஈரம் கூடினால்தான் ஈஸ்ட் பெருகித் தேன் புளிக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் தேனுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 20. என் கடையில் புளிக்காத பாட்டிலே 22 காட்டியது. புளித்ததில் 24.

மேட்டுப்பாளையத்தில் ஊட்டிக்கு ஏறும் கூட்டமெல்லாம் குன்னூர் பக்கம் போய்விடுவதால் கோத்தகிரி பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. மேலே வந்து இறங்கியதும் குளிர். ஸ்வெட்டர் எடுத்து வராத அறிவாளி நான்.

மாலையில் லாஸ்ட் ஃபாரஸ்ட் கடைக்குப் போனேன். 1993-இல் தொடங்கி, இப்போது கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை தேனெடுப்பவர்களோடு செய்த வேலையிலிருந்து முளைத்த கடை இது. நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் பழங்குடியினரே பங்குதாரர்களாக இருக்கும் ஆதிமலை உற்பத்தியாளர் நிறுவனமும் அதே வேலையிலிருந்து 2013-இல் உருவானது. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு 2021-இல் அதற்குக் கிடைத்தது. இதையெல்லாம் வரும் வழியில் படித்துக்கொண்டேதான் வந்தேன். நான் பார்க்க வந்தது பரிசை அல்ல, வடிகட்டியை. ஒரு பாட்டில் வாங்கி, விடுதி அறையில் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கோடு 20-க்குக் கீழே நின்றது.

இரண்டாம் நாள்: கோத்தகிரிக்குக் கீழே

தெரிந்தவர் ஒருவர் மூலம், பழங்குடிப் பெண்கள் தேனைச் சுத்தம் செய்து அடைக்கும் ஒரு மையத்துக்குப் போனேன். இரண்டு அறை, ஒரு திண்ணை, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்த எவர்சில்வர் பாத்திரங்கள். இந்தப் பருவத்துத் தேன் இன்னும் வரவில்லை. சித்திரை, வைகாசியில்தான் வரத்து. போன பருவத்துக் கடைசி டின்கள் சில இருந்தன.

பெருமையாக என் கருவியை எடுத்தேன். அங்கிருந்த அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, "இத எப்ப சரி பண்ணீங்க?" என்று கேட்டார். வாங்கிய நாளிலிருந்து நான் எதையும் சரி பண்ணவில்லை. அவர் ஒரு குப்பியிலிருந்து எண்ணெய்ச் சொட்டு ஒன்றை வைத்து, சின்னத் திருகாணியைத் திருப்பிக் கோட்டை நிறுத்திக் கொடுத்தார். "இப்பப் பாருங்க." என் கருவி ஒன்றரைப் புள்ளி குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் என் கடைத் தேன் நான் நினைத்ததைவிட மோசம். நேற்றிரவு நிம்மதியாகப் பார்த்த கோட்டையும் நம்புவதற்கில்லை. விடுதியிலிருந்த பாட்டிலை மறுபடி பார்த்தபோது சரியாக 20-இல் நின்றது. தேறியது, ஆனால் மயிரிழையில்.

காட்டுத்தேனில் ஏன் இவ்வளவு தண்ணீர்? பாறையிலும் உயர்ந்த மரத்திலும் ஒற்றை அடையாகக் கட்டும் பெருந்தேனீயின் தேனில் இயல்பிலேயே ஈரம் கூடுதல். தேனீக்கள் சிறகடித்து நீரை வற்றவைத்து, அறை நிறைந்ததும் மெழுகால் மூடும். மூடுவதற்கு முன்பே அறுத்தால் நீர் அப்படியே இருக்கும். அதோடு அடையில் தேன் இருப்பது மேலே, கொழுத்த தலைப் பகுதியில் மட்டும். கீழே புழுக்களும் மகரந்தமும். மொத்த அடையையும் அறுத்துக் கையால் பிழிந்தால் புழுவின் சாறும் மகரந்தமும் தேனில் இறங்கும். ஈஸ்ட்டுக்கு விருந்து.

தலைப் பகுதியை மட்டும் தனியாக அறுத்து, பிழியாமல் துணியில் கட்டித் தொங்கவிட்டுச் சொட்டவைத்தால் தேன் தெளிவாக வரும். புழு இருக்கும் பகுதி பாறையிலேயே இருப்பதால் கூட்டமும் பிழைக்க வழியுண்டு. அக்கா இதைச் சொல்லிவிட்டு, "ஆனா அதுக்கு ஒரு ராத்திரி ஆகும். பிழிஞ்சா ஒரு மணி நேரம்" என்றார். அந்த ஒரு ராத்திரியை நோட்டில் அடிக்கோடிட்டு வைத்தேன்.

அப்புறம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். 24 சதவீத ஈரத்தில் 100 கிலோ தேன் வந்தால் அதில் 24 கிலோ நீர். 20-க்குக் கொண்டுவந்தால் மிஞ்சுவது 95 கிலோ. ஐந்து கிலோ ஆவியாகிப் போகிறது. அதிகமாகச் சூடாக்கினால் சர்க்கரை சிதைந்து எச்.எம்.எஃப். என்ற பொருள் ஏறும். கிலோவுக்கு 80 மில்லிகிராமைத் தாண்டினால் சட்டப்படி அந்தத் தேனை விற்க முடியாது. எனவே இளஞ்சூட்டில், பொறுமையாக. அந்த ஐந்து கிலோ யார் கணக்கு என்பதுதான் கேள்வி. என் தரகர் அதை என் கணக்கில் எழுதியிருக்கிறார். நான் வாடிக்கையாளர் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

மெழுகு ஒரு மூலையில் மஞ்சள் கட்டிகளாக அடுக்கியிருந்தது. முன்பெல்லாம் தேனைப் பிழிந்துவிட்டுச் சக்கையைத் தூக்கி எறிந்துவிடுவார்களாம். இப்போது சோப்பு, உதட்டுத் தைலம், மெழுகுவர்த்தி. சில மாதங்களில் சம்பளத்தைத் தாங்குவது இந்த மெழுகுதான் என்றார்.

மதியம் ஜீப்பில் மலைச்சரிவில் கீழே இறங்கி ஒரு குறும்பர் பழங்குடி ஊருக்குப் போனேன். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. தேன்பாறை எங்கிருக்கிறது என்பது அவர்களுக்கு வங்கிக் கணக்கு எண் மாதிரி. பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து கொடி முறுக்கிக்கொண்டிருந்தார். தேன்பாறையில் இறங்கும் ஏணிக்கா என்று கேட்டேன். "இல்ல சார், ஆடு கட்ட. ஏணிக்கு இப்ப நைலான் கயிறும் உண்டு" என்றார்.

பாறையில் இறங்குகிறவர் அதற்கு முன் பல நாள் விரதம் இருப்பார். மேலே கயிற்றைப் பிடிப்பவர் மனைவியின் உடன்பிறந்தவராக இருக்க வேண்டும். அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாதா என்றேன். சிரித்தார். "அண்ணன் தம்பிக்குள்ள நிலத்தகராறு வரும். மச்சான் கயித்த விட்டா அவன் அக்காதானே தனியா நிக்கணும்? விடமாட்டான்." நான் பார்த்த எந்தக் காப்பீட்டுத் திட்டத்திலும் இவ்வளவு தெளிவான விதி இல்லை.

பிழிவதைப் பற்றிக் கேட்டேன். அவர் பதிலில் கோபம் இல்லை, விளக்கம்தான் இருந்தது. "முன்னாடியெல்லாம் வியாபாரிதான் டின்னு குடுப்பான். மழைக்காலத்துல அரிசியும் அவன்தான் குடுப்பான். பருவம் வந்தா டின்ன நிரப்பிக் குடுக்கணும். அவன் டின்னத்தான் எண்ணுவான், உள்ள இருக்கிறத எண்ண மாட்டான். அப்ப நான் எதுக்கு ஒரு ராத்திரி சொட்ட விடணும்?"

மூன்றாம் நாள்: மழை

காலையிலிருந்து தூறல். பேருந்து ஊட்டி வந்து, பைக்காரா தாண்டி, நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு இறங்கியது. நடுவட்டத்தில் ஒரு காலத்தில் சின்கோனா தோட்டமும் கொயினா தொழிற்சாலையும் இருந்தன. 1860-களில் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து நீலகிரியில் நட்ட மரம். காய்ச்சலுக்கு மருந்தாகும் பட்டை. பட்டையை உரித்தது ஒருவர், மருந்து விற்றது அரசாங்கம். இதற்கு மேல் இன்று வரலாறு பேசத் தெம்பு இல்லை, சளி பிடித்துவிட்டது.

பக்கத்து இருக்கைக்காரர் மூட்டையில் கல்பாசி வைத்திருந்தார். பிரியாணிக்குப் போடும் அதே பாசி. மரப்பட்டையிலும் பாறையிலும் படர்வது. ஈரக் காற்றிலேயே நீரை உறிஞ்சிக்கொள்ளும். "மழை பெய்ஞ்சா எடை கூடுமே, லாபம்தானே" என்று விளையாட்டாகக் கேட்டேன். "வாங்குறவனுக்குத் தெரியாதா? வெயில் நாள்லயும் ஈரக் கழிவுன்னு ஒண்ணு பிடிப்பான்" என்றார். இந்தப் பயணத்தில் எல்லோரும் என்னிடம் தண்ணீரைப் பற்றியேதான் பேசுகிறார்கள்.

நான்காம் நாள்: கூடலூர்

இன்று யானைகளைப் பார்த்தேன். அசையாதவை.

உண்ணிச்செடி தெரியும்தானே? நம் ஊர் வேலியோரத்திலும் மஞ்சளும் ரோஜாவுமாகப் பூக்கும். பிரிட்டிஷார் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கொண்டுவந்தது. இன்று முதுமலை, பந்திப்பூர், சத்தியமங்கலம் காடுகளில் தரை தெரியாமல் மூடிக் கிடக்கிறது. அதன் அடியில் புல் வராது. புல் இல்லையென்றால் மான் வராது. வெட்டினாலும் துளிர்க்கும்.

அந்தத் தண்டை வெட்டி, வேகவைத்து, பட்டையை உரித்து, கம்பிச் சட்டத்தின் மேல் வளைத்து வளைத்து முழு அளவு யானைகளைச் செய்கிறார்கள். பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் என்று நான்கு சமூகத்தினரின் கைவேலை. ஒவ்வொன்றும் இந்தப் பகுதியில் உண்மையில் நடமாடும் ஒரு யானையின் அச்சு. நூறு யானைகள் கொண்ட அந்தக் கூட்டம் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றது. 2024-இல் அமெரிக்கா போனது. தி ரியல் எலிஃபன்ட் கலெக்டிவ் என்பது இந்தக் கூட்டுமுயற்சியின் பெயர்.

பட்டறையில் கொதிக்கும் அண்டாவைச் சுற்றிப் புகை. ஒரு பையன் தும்பிக்கையின் நுனியை மூன்று தடவை பிரித்துப் பிரித்துக் கட்டினான். எனக்கு முதல் தடவையே சரியாகத்தான் தெரிந்தது. "அவ வலது பக்கம்தான் மடக்குவா" என்றான். நிஜ யானையைச் சொல்கிறான். பெயரும் தெரியும் அவனுக்கு.

நெல்லிக்காயை அளவுக்கு மீறி எடுத்தால் அடுத்த தலைமுறை மரம் இருக்காது. கிழங்கைத் தோண்டினால் செடியே போய்விடும். உண்ணிச்செடியை எவ்வளவு எடுத்தாலும் காட்டுக்கு நல்லது. இப்படி ஒரு மூலப்பொருள் யாருக்கும் வாய்க்காது. ஆனால் இந்த யானையை வாங்க லண்டனில் ஆள் இருக்கலாம், ஒரு ஊருக்கு நூறு யானை வேண்டியிருக்காது. மேசை, நாற்காலி என்று இறங்கினால் பிளாஸ்டிக் நாற்காலியோடு விலைப் போட்டி. மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் பல வருடமாக உண்ணிக்குச்சியில் நாற்காலி செய்கிறார்கள். என் கடைக்கு இரண்டு முக்காலி கேட்டு வைக்கலாம் என்று தோன்றியது. தேனைப் பார்க்க வந்த எனக்கு இங்கேதான் சற்று மனசு லேசானது. தண்டை வளைக்க ஈரம் வேண்டும், வேகவைத்தால்தான் வளையும். அவர்கள் வேலை ஈரத்தோடு சண்டை போடவில்லை.

ஐந்தாம் நாள்: பந்திப்பூர் வழியாக ஆசனூர்

கூடலூரில் ஏறி, தெப்பக்காடு, பந்திப்பூர் தாண்டி குண்டல்பேட்டை. அங்கிருந்து சாம்ராஜ்நகர். அங்கே இன்னொரு பேருந்து. காரப்பள்ளம் சோதனைச் சாவடிப் பக்கம் வந்தபோது ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். கரும்பு லாரிகளுக்காக யானைகள் காத்து நிற்கும் இடம். இன்று ஒரு குட்டியும் இல்லை. எல்லோருக்கும் ஏமாற்றம், ஓட்டுநருக்கு நிம்மதி.

ஆசனூருக்குப் பக்கத்தில் ஒரு சோளகர் ஊர். ஊர் முழுக்கப் புளி வாசனை. தார்ப்பாயில், கூரை மேல், பாறை மேல், எங்கு பார்த்தாலும் புளி காய்கிறது. அங்கே ஒரு அக்கா வீட்டுத் திண்ணையில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அவர் கை நிற்கவே இல்லை.

பழத்தை உலுக்கி, வெயிலில் ஓடு நொறுங்கும் வரை காயவைத்து, ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கல்லில் வைத்துத் தட்டிக் கொட்டையை எடுக்க வேண்டும். நூறு கிலோ பழத்தில் சதை பாதிக்குச் சற்று மேல். கொட்டை மூன்றில் ஒரு பங்கு. மீதி ஓடும் நாரும். ஓட்டோடு விற்றால் ஒரு விலை, கொட்டையோடு ஒரு விலை, கொட்டை எடுத்தால் இன்னொரு விலை. நாம் கடையில் வாங்குவது கடைசியில் சொன்னது. ஊரில் பாதிப் பேர் விற்பது முதலில் சொன்னது. என்ன விலைக்கு என்று எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக்கே யாராவது அதைக் காட்டி அவரிடம் பேரம் பேசுவார்கள். அரசாங்கக் கணக்கு வேண்டுமானால் சொல்கிறேன். சிறு வனப் பொருட்களுக்கான குறைந்தபட்ச ஆதரவு விலையை மத்திய அரசு 2020 மே மாதம் திருத்தியபோது கொட்டையோடு இருக்கும் புளிக்குக் கிலோ ₹36, காட்டுத்தேனுக்கு ₹225.

"நீங்களே கொட்டை எடுத்து வித்தா என்னக்கா?" என்றேன். இந்தக் கேள்வியைப் பல சார்கள் கேட்டிருப்பார்கள் போல. அவர் கல்லைக் கீழே வைக்காமலே சொன்னார். "மூட்டைய உடைச்சுக் கொட்டை எடுக்க ஆறு நாள். ஆறு நாள் அரிசிக்கு? ரெண்டாவது, வீட்டுல புளி மூட்டை வெச்சா ஆனைக்கு வாசம் போயிரும். போன வருசம் பின் சுவர இடிச்சுத் தள்ளிருச்சு. அதனால வியாபாரி வண்டி வந்தன்னைக்கே குடுத்துர்றது நல்லது."

ஆறு நாள் அரிசியும் ஒரு சுவரும். கிடங்கு இல்லாததையும் கையில் காசு இல்லாததையும் அறிக்கைகளில் தனித்தனி அத்தியாயமாக எழுதியிருப்பதைப் படித்திருக்கிறேன். இந்தத் திண்ணையில் இரண்டும் ஒரே பதில்.

இன்னொன்றும் சொன்னார். கொட்டை எடுத்து விற்கும்போது அந்தக் கொட்டையை வியாபாரி எடைக்குச் சேர்த்துக்கொள்வதில்லை, ஆனால் விட்டுவிட்டும் போவதில்லை. கூட்டி அள்ளி மூட்டை கட்டிக்கொள்வார். அந்தக் கொட்டையின் பருப்பை மாவாக்கினால் நெசவாலைகளில் பாவுக்குக் கஞ்சி போட ஆகும் என்று நான் சொன்னதும் அக்காவின் கை முதல் தடவையாக நின்றது. கன்னடம் கலந்த தன் பேச்சில் வீட்டுக்காரரைப் பார்த்து ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் நல்ல வார்த்தையாகத் தெரியவில்லை.

ஊர்ப் பொதுக்கட்டடத்தில் ஒரு இயந்திரம் இருக்கிறது. புளிக்கொட்டை எடுப்பது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதற்கு மும்முனை மின்சாரம் வேண்டும். ஊரில் இருப்பது ஒருமுனை. எந்தத் திட்டத்தில் வந்தது என்று எழுத வேண்டாம் என்றார்கள், எழுதவில்லை. ஆனால் அதன் மேல் துணி காயப்போட வசதியாக இருக்கிறதாம். இயந்திரம் வாங்கிய பணத்தில் பாதி இருந்தால், பருவம் முழுக்கப் புளி கொண்டுவரும் அன்றே கையில் பாதிப் பணத்தைக் கொடுத்து, பொதுக்கிடங்கில் வைத்துக் கொட்டை எடுக்கலாம். இது என் யோசனை இல்லை. அக்காவின் மகள் சொன்னது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், கணக்கு நன்றாக வருகிறது.

இரவு அங்கேயே தங்கினேன். யானை வரவில்லை. வந்திருந்தால் இந்தக் குறிப்பு இன்னும் நீளமாக இருந்திருக்கும்.

ஆறாம் நாள்: ஆசனூரிலிருந்து சத்தியமங்கலம்

காலையில் கிராம சபைப் பெரியவர் ஒருவர் ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து தாள்களை எடுத்துக் காட்டினார். வன உரிமைச் சட்டம், 2006. தேன், மெழுகு, மூங்கில், மூலிகை, கிழங்கு என்று சிறு வனப் பொருட்களைச் சேகரிக்கவும் விற்கவும் அங்கு வாழ்கிறவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்கிற சட்டம். தமிழ்நாட்டில் 2008-இல் வந்த உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் உரிமைப் பத்திரம் கொடுப்பது நின்று, 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகுதான் வேலை நகர்ந்தது. இடையில், 2013-இல், இந்தக் காடு புலிகள் காப்பகம் ஆகிவிட்டது.

பெரியவருக்குப் பிடித்த பத்தி வேறு. 2012-இல் திருத்திய விதிகளில் ஓர் இடம். பொருளைக் காட்டுக்கு வெளியே கொண்டுபோகும் அனுமதிச் சீட்டைக் கிராம சபை அமைக்கும் குழுவே கொடுக்கலாம், சேகரிப்புக்கு எந்தக் கட்டணமும் கிடையாது என்கிறது அது. அந்தத் தாளைச் சுற்றி மஞ்சள் மையால் கட்டம் போட்டு வைத்திருக்கிறார். ஒருமுறை ஒரு சோதனைச் சாவடியில் கடுக்காய் மூட்டைகளோடு இவர்கள் வண்டியை நிறுத்திவிட்டார்களாம். "இந்தச் சீட்டு செல்லாது, எங்க சீட்டு வேணும்" என்றார்களாம். தாளை எடுத்துக் காட்டி, மேலதிகாரியிடம் பேசி, வண்டி கிளம்ப மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் மழை. அடி மூட்டை பூஞ்சை பிடித்துவிட்டது.

கடுக்காய் பற்றி இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். திரிபலாவுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். தோல் பதனிடவும் பல தலைமுறையாக அதைத்தான் பயன்படுத்தி வருகிறார்கள். காய் நன்றாகக் காய்ந்து, தரம் பிரித்தால் ஒரு விலை. கலந்து கட்டினால் மட்டமான காய்க்கு என்ன விலையோ அதுதான் மொத்தத்துக்கும். தரம் பிரிக்க வேண்டியது வெறும் கண்ணும் ஒரு சல்லடையும்.

நெல்லிக்காய் பருவம் தையோடு முடிந்துவிட்டது. ஐந்தில் நான்கு பங்கு நீர் அது. நூறு கிலோ காயைக் கொட்டை நீக்கிக் காயவைத்தால் இருபது கிலோகூடத் தேறாது. அந்தத் தண்ணீரைத்தான் முன்பெல்லாம் லாரி வாடகை கொடுத்து மலையிறக்கிக்கொண்டிருந்தார்கள். கிளையை வெட்டிக் காய் பறித்தால் சீக்கிரம் கூடை நிறையும், அடுத்த வருடம் காய் இருக்காது. கூடைக்குக் கூலி என்றால் கிளை விழும். மாகாளிக்கிழங்கு இன்னும் மோசம். வேரோடு தோண்டுவதுதான் அறுவடை. நல்ல விலை கிடைக்கக் கிடைக்கக் காட்டில் குறைந்துகொண்டே போகிறது. விலை ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கோத்தகிரி போகும் வரை நானும் நம்பிக்கொண்டிருந்தேன். மாகாளிக்கு அது பொருந்தாது. என் கடை ஊறுகாய் அலமாரியில் இரண்டு பாட்டில் இருக்கிறது, இனி வாங்குவதாக இல்லை.

கிளம்பும் முன் வந்த வேலையைச் சொன்னேன். இந்தப் பருவத்தில் நாற்பது டின் தேன் நேரடியாக வாங்கிக்கொள்கிறேன். தலைப் பகுதி மட்டும் அறுத்து, சொட்டவைத்து, ஈரம் 20-க்குள். தரகர் கொடுப்பதைவிடக் கூடுதல் விலை. பெரியவர் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற அக்காவின் மகள்தான் கேட்டாள். "பணம் என்னைக்கு வரும் சார்?"

"பாட்டில் வித்ததும். நாற்பத்தஞ்சு நாள்ல" என்றேன். எல்லாக் கடைக்காரர்களும் சொல்கிற பதில், வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

அவள் எதுவும் சொல்லவில்லை. அவள் அம்மா புளித் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். குறும்பர் ஊர்ப் பெரியவர் சொன்ன டின் ஞாபகம் வந்தது. அந்த வியாபாரி அரிசியாவது முன்கூட்டிக் கொடுத்திருக்கிறான்.

யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். திம்பத்திலிருந்து பண்ணாரி வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முட்டியில் நோட்டை வைத்து எழுத முயன்றேன். ஒவ்வொரு வளைவிலும் எண்கள் சரிந்தன. கடை வாடகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், எண்ணெய்க்காரருக்குப் பாக்கி. நாற்பது டின்னுக்குக் கைக்காசு இல்லை. இருபதுக்கும் இல்லை. பத்தொன்பதாவது வளைவில் ஒரு லாரியும் நாங்களும் மூக்கோடு மூக்கு நின்றோம். அந்த இடைவெளியில் வீட்டுக்குப் போன் போட்டேன். மனைவி, "சேமிப்புல இருக்கிறதையா கேக்கிறீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "தேன் புளிக்காதுல்ல?" என்றாள்.

சத்தியமங்கலம் பேருந்து நிலையத்தில் இறங்கி, டீ சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் எண்ணுக்கு அழைத்தேன். பத்து டின். பாதிப் பணம் நாளைக்கே, மீதிப் பணம் டின்னை எடை போடும் அன்று. "எடையை எங்க பாப்பீங்க, இங்கயா, திருச்சியிலயா?" என்று கேட்டாள். அங்கேயே, உங்கள் தராசில் என்றேன். ஈரமும் அங்கேயே பார்த்துவிடலாம், என் கருவியை நானே எடுத்து வருகிறேன் என்றேன்.

"வேணாம் சார்," என்றாள். "நாங்க ஒண்ணு வாங்கிக்கிறோம்."